மைதீனின் துருப்பிடிக்காத கத்தி

பூனாவின் பவானி பேட்டில் மைதீனின் மடக்குக்கத்தியைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. பார்க்காமல் போக அவன் யாரையும் விட்டதில்லை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடிக்கத் தொடங்கினால் போதும், மைதீனின் கை சட்டைப்பைக்குள் போய்விடும். எலும்புப் பிடி போட்ட, உள்ளங்கைக்குள் அடங்குகிற கத்தி. நகத்தால் நெம்பி விரிப்பான். நூலை அறுத்த பிறகு சும்மா மடக்கிவிட மாட்டான். அலகை வெளிச்சத்தில் பிடித்து, "பகா, கஞ்ச் நாஹி!" என்பான். பார், துரு கிடையாது என்று அர்த்தம். மராத்தியில் அவன் தடுமாறாமல் சொல்லும் வாக்கியங்கள் கொஞ்சம்தான். அதில் இதுவும் ஒன்று. எதிரே இருப்பவர் தமிழ் தெரிந்த ஆளாக இருந்தால் தப்பித்தார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு முழுக் கதையும் உண்டு.

"சீமைக் கத்தி. ஜூனா பஜார்ல, பழைய சாமான் சந்தையில எடுத்தது. வருசக்கணக்கா என் பையிலயே கெடக்கு. தெனமும் இந்தக் கைதான் தொடுது. ஒரு புள்ளி இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தவர்கள் இல்லை என்றே சொன்னார்கள். உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் பெருமை சீமைக்கும் சேராது, மைதீனின் கைக்கும் சேராது. சேர வேண்டியது அவன் மனைவி சபூராவுக்கு. அது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சபூரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மைதீனுக்குச் சின்ன வயதிலிருந்தே கை வேர்க்கும். வெயிலுக்கு எல்லாருக்கும் வேர்க்கிற மாதிரி அல்ல. மார்கழிக் குளிரிலும் உள்ளங்கை நசநசவென்று இருக்கும். சொந்த ஊரான மேலப்பாளையத்தில் அவர்களுடைய குடும்பத்தொழில் நெசவு. அவன் தறியில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அச்சுக்கம்பி துருவேறி, அந்தக் கறை வெள்ளைத் துணியில் கோடுகோடாக இறங்கிவிட்டது. பெரியவாப்பா துணியை விரித்துப் பார்த்தார். பிறகு அவன் கையை விரித்துப் பார்த்தார். "ஒன் கையில என்னமோ விஷம் இருக்குல. இரும்பு கிட்டயே போவாத," என்றார். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் மறந்துபோயிருக்கும். இரக்கப்பட்டுச் சொன்னார். அது மனதில் தங்கிவிட்டது.

அதே ஊர்க்காரரான நஜிமுதீன் பூனாவில் சாக்கும் கயிறும் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். சாக்கு துருப்பிடிக்காது அல்லவா? மைதீன் ரயில் ஏறினான். வேலையில் கெட்டிக்காரன், கணக்கில் சுத்தம், பேச்சில் கலகலப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மட்டும் ஆளைக் காணோம். எல்லாரும் ஒருவருக்கொருவர் இரண்டு கையாலும் கைலாகு கொடுத்து நலம் விசாரிக்கிற நேரத்தில் மைதீன் பள்ளிவாசல் படியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். அவன் செருப்பு அவன் காலுக்கு முன்னாலேயே கிடக்கும். பாவம், அதையே தேடிக்கொண்டிருப்பான்.

சபூரா இதையெல்லாம் கல்யாணமான பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். ஐம்பத்து நான்காம் வருடம் அவளும், சீராக வந்த அவளுடைய தையல் மெஷினும், ஒரு டிரங்குப் பெட்டியும் பூனா வந்து சேர்ந்தன. பவானி பேட்டில் ஒரு பழைய வாடாவில் ஒற்றை அறை. நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குழாய். மைதீன் முதல்முறை அவள் கையைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்தான். முன்பக்கம் துடைத்தான், பின்பக்கம் துடைத்தான், விரலிடுக்கில் துடைத்தான். விருந்தாளிக்குத் தட்டைத் துடைத்து வைக்கிற மாதிரி இருந்தது. சபூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தண்ணீர்ச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கும்போதுகூட முதலில் கைக்குட்டை வெளியே வரும். அந்தக் கைக்குட்டையின் மேல் சபூராவுக்கு வந்த கோபம் வேறு எந்தப் பெண்பிள்ளை மேலும் வந்திருக்காது.

கத்தியை அவன் வாங்கியது அந்த வருடம்தான். கயிறு அறுக்க ஒரு கத்தி வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் அந்த எலும்புப் பிடியின் அழகில் மயங்கிவிட்டான். மழைக்காலம் வந்தது. அலகில் முதலில் தேயிலைக் கறை மாதிரி ஒரு நிழல், பிறகு புள்ளிகள், பிறகு பெருவிரல் படுகிற இடத்தில் திட்டாகச் செந்துரு. அவன் அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டான். "என் கை பட்டா எதுவும் உருப்படாது பிள்ள. அந்தப் பாவம் ஒனக்கும் ஒட்டிரும் போலுக்கு," என்று சொல்லிவிட்டு விளையாட்டுக்குச் சொன்னதுபோல் சிரித்தான். சபூரா அன்று சாப்பிடவில்லை.

அந்தச் சமயம் தெற்கேயிருந்து ஒரு ஹஜ்ரத் பூனாவுக்கு வந்திருந்தார். மார்க்கம் படித்த வயசாளி, சாந்தமான மனிதர். மைதீன் அவரிடம் போய்க் கையைக் காட்டினான். அவர் ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்து, இதில் கை கழுவி வா, அல்லா லேசாக்குவான் என்றார். மைதீன் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து, அவர் சொன்னபடியே கழுவினான்.

இதற்கும் சபூரா செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. அவள் பாட்டுக்கு ஒருநாள் மத்தியானம் அலமாரியைத் துடைக்கும்போது கத்தி கையில் கிடைத்தது. அடுப்புச் சாம்பலைச் சலித்து, மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, பழந்துணியால் தேய்த்தாள். துரு கரைந்து வந்தது. வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, அலகு மடங்குகிற மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டாள். அவன் வந்ததும் காட்டி, என்ன தருவிய என்று கேட்க வேண்டும் என்பதுதான் அவள் திட்டம். அலமாரி மேலேயே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

திரும்பி வருவதற்குள் மைதீன் வந்துவிட்டான். கையில் விரித்த கத்தி. கண்ணில் தண்ணீர்.

"சபூரா! பாத்தியா! ஹஜ்ரத் தண்ணி பலிச்சிட்டு!"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம்தான். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்து முடித்திருப்பார்கள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மைதீன் செருப்பைத் தேடவில்லை. நஜிமுதீனுக்கு, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லிக்கு, முன்பின் தெரியாதவருக்கு என்று எல்லாருக்கும் கைலாகு கொடுத்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்தவன் கைக்குட்டையை எடுக்காமல் சபூராவின் கையைப் பிடித்துக்கொண்டான். வேர்வை நிற்கவில்லை, வேர்வையில் இருந்த விஷம் போய்விட்டது என்பது அவன் முடிவு. இவ்வளவையும் பார்த்துவிட்டு எந்தப் பெண் போய்ச் சொல்வாள்? சபூரா சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு விலையாகத் தினமும் ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

மைதீன் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிப்பான். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தி நேரத்து மஃரிபு தொழுகைக்குப் போவான். கத்தி வேலைச் சட்டையிலேயே இருக்கும். அவன் தெருமுனை திரும்பியதும் சபூரா கத்தியை எடுப்பாள். ஈரத்துணியால் அன்றைய வேர்வை உப்பைத் துடைப்பாள், உடனே உலர்ந்த துணியால் துடைப்பாள், அடுப்புக்குக் கிட்டே கொஞ்சம் காட்டுவாள், எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவு. தொழுகை முடிவதற்குள் கத்தி பைக்குள் போய்விடும்.

முதல் குளிர்காலத்தில் மானம் போகப் பார்த்தது. பூனாக் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும் என்பதை ஊர்ப்புத்தி யோசிக்கவில்லை. டீக்கடையில் கத்தி விரியவே மாட்டேன் என்றுவிட்டது. மைதீன் அசரவில்லை, என் கத்திக்கு ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தான். அன்றைக்கே சபூரா தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறினாள். இன்னொரு தடவை, அவன் ஆசையாக ஒரு தோல் உறை வாங்கி அதற்குள் கத்தியைப் போட்டு வைத்தான். தோல் வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கத்திக்கு ஊட்டியது. ஒரே நாளில் புள்ளி விழுந்தது. உறை மறுநாளே காணாமல் போனது. வாடா முழுக்க மைதீன் தேடினான். சபூராவும் கூடவே தேடினாள்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போதுதான் அவளுக்குக் கவலை பிடித்தது. "பிள்ள பெறப் போறவ தலமாட்டுல இரும்பு வச்சிக்கணுமாம். ஒங்க கத்தியக் குடுங்க," என்றாள். ஊரில் எல்லாரும் செய்கிற வழக்கம், மைதீன் மறுபேச்சுப் பேசவில்லை. கத்தியும் அவளோடு ரயிலேறியது. சித்தி என்று பெயர் வைத்த மகள் பிறந்து, நாற்பது நாள் கழிந்து, தாயும் பிள்ளையும் கத்தியும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

அறுபத்தொன்றில் பான்ஷேத் அணை உடைந்து ஆறு ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பெட்டி, பூட்டு, பாத்திரம், சைக்கிள் என்று ஊரில் இருந்த இரும்பெல்லாம் சிவந்துபோய்க் கிடந்தது. மைதீனின் கத்தி மட்டும் பளபளத்தது. அவன் நாக்கு அதற்கப்புறம் தரையில் நிற்கவில்லை.

அந்தப் பெருமைதான் வினையாக முடிந்தது. பூனாவுக்கு வெளியே போசரியில் அரசாங்கம் தொழிற்பேட்டைக்கு இடம் கொடுக்க ஆரம்பித்ததும் நஜிமுதீனுக்கும் ஆசை வந்தது. சிறியதாக ஒரு ஷெட் எடுத்தார். என்ன செய்யலாம் என்று யோசித்தவர் மடக்குக்கத்தி செய்வதாக முடிவெடுத்தார். அதற்கு யார் காரணமாக இருந்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். கடைசியாகச் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பு மைதீனுக்கு. அவன் ஒவ்வொரு கத்தியையும் விரித்து மடக்கிப் பார்ப்பான். எண்ணெய்த்துணியால் துடைப்பான். கடைசியில் பிஸ்மி சொல்லி அலகின் அடியில் பெருவிரலை ஒருமுறை அழுத்தி எடுப்பான். கெட்ட கை என்று பெயர் வாங்கிய கை நல்ல கையாகிவிட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதை எல்லாக் கத்திக்கும் கொடுத்து அனுப்பினான். அவன் கையிலிருந்து வாங்கி மெழுகுத்தாளில் சுற்றி டப்பியில் அடுக்குவது ஆரோக்கியமேரி.

மேரி அதே வாடாவில் அடுத்த அறையில் இருந்தாள். பாளையங்கோட்டைக்காரி. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்துபோன பிறகு, வயதான மாமியாரோடு தனியாக நின்றவள். அந்த வேலையை மைதீனிடம் சொல்லி அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே சபூராதான்.

பெருவிரல் அழுத்துவதைப் பற்றி மைதீன் வீட்டில் சொன்னபோது சபூரா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். "எல்லாருக்கும் கைக்குத் துணி உறை குடுத்தா என்ன? மேரியக்காவுக்கு, ஒங்களுக்கு, எல்லாருக்குந்தான்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கு உறை? இது ஹஜ்ரத் தண்ணியில கழுவுன கையி," என்றான் மைதீன்.

அறுபத்தாறாம் வருட மழைக்காலத்தில் ஒருநாள் அவன் முகம் வாடி வந்தான். பூனா கேம்ப் பகுதியில் ஒரு கடைக்காரர் ஒரு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். மெழுகுத்தாளைப் பிரித்தால் அலகின் அடியில் துருவில் ஒரு விரல் பதிவு. எல்லாக் கத்தியிலும் ஒரே இடத்தில்.

"எண்ணெய் போட்ட பொறவு ரெண்டு பேர் கைதான் படுது. என் கையி, மேரி கையி. மொதலாளி என்னயப் பாத்தாரு. என் கத்திய எடுத்து மேசையில வச்சேன்."

சபூரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"மேரி என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. சனிக்கெழமையோட நின்னுக்கிடச் சொல்லிட்டாரு மொதலாளி. எனக்கே சங்கடமா இருக்கு பிள்ள. ஆனா கத்தி பொய் சொல்லாதுல்லா?" என்று சொல்லிவிட்டு மைதீன் குளிக்கப் போனான்.

அன்றைக்கும் அவன் தொழுகைக்குப் போனான். அன்றைக்கும் கத்தி சட்டைப்பையில் இருந்தது. சபூரா அதைத் தொடாமல் நேரே அடுத்த அறைக்குப் போனாள். மேரி மாமியாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேரியக்கா, நீங்க ஏன் பேசாம வந்திய? ஒங்க கை இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா?"

மேரி கஞ்சியை ஒருமுறை ஆற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏட்டி, என் அறை சன்னல் ஒங்க அடுப்பப் பாத்துதான இருக்கு. வருசக்கணக்கா நீ அந்தக் கத்தியத் துடைக்கியத நான் பாக்கேன். நான் வாயத் தொறந்தா என் வேல தப்பிச்சிரும். ஆனா அந்த மனுசன் ஒன்னய எந்த மூஞ்சிய வச்சிப் பாப்பாரு? நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீ போயி ஒலையப் பாரு."

சபூரா போகவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் புருஷன் தலை குனியக் கூடாது என்று அவள் மூடி வைத்த ஒன்றுக்கு, யாரோ ஒருத்தி தன் சோற்றையே கொடுக்கிறாள். அதுவும் ஒரு சொல் சொல்லாமல். இவ்வளவு நாள் அன்பு என்று நினைத்துச் செய்ததெல்லாம் அன்றைக்கு அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. தான் பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே வந்து உலையைப் பார்த்தாள்.

அன்று அவள் கத்தியைத் துடைக்கவில்லை.

மறுநாளும் துடைக்கவில்லை. சட்டை ஆணியில் தொங்கியது. அவள் கை பரபரத்தது. மெஷினில் உட்கார்ந்து சித்தியின் பாவாடையைத் தைத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது, பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். வெளியே மழை விடாமல் பெய்தது. அவனே கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கண்டுபிடித்துவிட்டால் என்று இன்னொரு நினைப்பு. அந்த இரண்டாவது நினைப்பு அவளைத் தின்றது. பத்துப் பேர் முன்னால் வேண்டாம். தெரிய வேண்டியது வீட்டுக்குள் தெரியட்டும், தன் வாயால் தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதீன் சட்டையை மாட்டிவிட்டுத் திரும்பினான். சபூரா அவன் கண்ணெதிரே பையிலிருந்து கத்தியை எடுத்து, விரித்து, அவன் கையில் கொடுத்தாள்.

அலகின் அடியில், பெருவிரல் படுகிற இடத்தில், செந்துரு பூத்திருந்தது. சின்ன வட்டம். உற்றுப் பார்த்தால் ரேகைகூடத் தெரிந்தது.

"மழைத் தண்ணி பட்டிருக்கும்," என்றான் மைதீன்.

"மழ வருசா வருசம் பெய்யுது."

"பின்ன என்ன?"

சபூரா மெஷின் இழுப்பறையைத் திறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்தாள். கறுத்துப்போன துணி இரண்டையும் எடுத்து வைத்தாள். காணாமல் போன தோல் உறையையும் எடுத்து வைத்தாள். "நான் ரெண்டு நாளாத் தொடைக்கல," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மீதியை அந்தப் பொருள்கள் சொல்லிவிட்டன. மைதீன் உறையை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். தன் கையைத் திருப்பி, பெரியவாப்பா அன்று பார்த்த மாதிரி, உள்ளங்கையைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். தொழுகை முடிந்து வந்தவன் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சபூரா பயந்து போயிருந்தாள். அவன் திட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். இனி இந்த மனிதர் என் முகத்தில் விழிப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. கத்தியை அவனே ஒரு துடைப்புத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். பேசாமல் இருந்துவிடலாம். மேரியும் பேசப்போவதில்லை. அவனுடைய பெருமை அப்படியே இருக்கும். அப்படிச் செய்துவிட்டால் அந்த மனிதனோடு எப்படி வாழ்வது என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காலையில் அவன் கத்தியை எடுத்தான். துரு அப்படியே இருந்தது. துடைக்காமல் மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான். வெகுகாலத்துக்குப் பிறகு அலமாரியில் தேடி ஒரு கைக்குட்டையும் எடுத்துக்கொண்டான்.

அன்று முழுக்க சபூரா செய்த சமையலை யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. உப்பை இரண்டு தடவை போட்டாள்.

சாயங்காலம் முதலில் வந்தது மேரி. நனைந்த குடையை முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்து சபூராவைக் கட்டிக்கொண்டாள்.

"ஒன் வீட்டுக்காரவுக என்ன செஞ்சாவ தெரியுமா? எல்லாரும் இருக்கையில மொதலாளி மேசைக்கிப் போயி கத்திய விரிச்சி வச்சாவ. மேரிய நிறுத்தாதிய, அந்த ரேகை என் ரேகைன்னாவ. பிஸ்மி சொல்லி நான் வச்ச பெருவெரல்தான் அம்புட்டுக் கத்தியையும் கெடுத்திருக்கு, இம்புட்டு நாளு என் கத்தி நல்லா இருந்ததுக்கு நான் காரணமில்லன்னாவ. யாரு காரணம்னு மொதலாளி கேட்டாரு. அத மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாவ. பொறவு எங்கிட்ட வந்து, என்னய மன்னிச்சிரு தங்கச்சின்னாவ. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு."

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"பொறவு எந்திச்சி வந்து அவுக ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சிக்கிட்டாரு. பள்ளிவாசல்ல ஒங்க ஆளுக குடுப்பாவள்லா, அந்த மாதிரி. இவுக கைய உருவப் பாத்தாவ, அவரு விடல. திங்கக்கெழமையில இருந்து எல்லாருக்கும் கைக்குத் துணி உறையாம். கத்திய வாங்கிக் கடைசியா நாந்தான் பாக்கணுமாம்."

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வெளிப்படையாகிவிட்டது. அந்தக் கத்தி இன்னும் பல வருடம் பளபளவென்று இருந்தது. மஃரிபுக்குப் போகும்போது மைதீனே அதை எடுத்து மெஷின் பலகையில் வைத்துவிட்டுப் போவான். சில நாள் அவனே உட்கார்ந்து, கையில் உறை மாட்டிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லத் துடைப்பான். எண்ணெயை அதிகமாக ஊற்றிவிட்டுத் திட்டும் வாங்குவான். டீக்கடையில் பெருமை மட்டும் நிற்கவில்லை. "என் வீட்டுல தொடைக்கிற கத்தி" என்று கதையின் தலைப்பு மாறியது, நீளம் குறையவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சபூராவுக்கு இது எதுவும் தெரியாது.

மைதீன் வந்தான். சட்டையை ஆணியில் மாட்டினான். கத்தியை எடுத்து எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தான். தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

"தெனமுமா தொடச்ச?" என்றான்.

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கைலாகு குடுக்க ஆரம்பிச்சிய. செருப்பத் தேடுறத விட்டிய. அதப் பாத்துட்டு எப்பிடிங்க சொல்லுவேன்?" அவள் குப்பி மூடியைத் திருகினாள். "ஹஜ்ரத் தண்ணிய நான் பொய்யாக்கிட்டேன்னு தெனமும் பயந்துக்கிட்டேதான் இருந்தேன்."

மைதீன் தலையை ஆட்டினான். "பொய்யில்ல பிள்ள. எனக்கு லேசாகட்டும்னுதான அவுக துவா கேட்டாவ? லேசாத்தான இருந்துச்சு, இம்புட்டு வருசமும். அல்லா அத ஒன் கையில குடுத்து வச்சிருந்திருக்கான். எனக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு அழுதான். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி மூக்கை உறிஞ்சி அழுதான். சபூரா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் அவசரமாகப் பையில் துழாவி அந்தக் கைக்குட்டையை எடுத்தான்.

அவள் அதைப் பிடுங்கி அடுப்பங்கரைப் பக்கம் எறிந்தாள். அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை ஈரமாகத்தான் இருந்தது. தினமும் துடைத்துப் பழகியவள், அதைத் துடைக்கவில்லை.